கேட்கும் முன் சொல்கிறவர்

போலீஸ்காரர் கை காட்டி வண்டியை நிறுத்தினால் என்ன கேட்பார்? லைசென்ஸ் கேட்பார், இன்சூரன்ஸ் கேட்பார், ஹெல்மெட் எங்கே என்று கேட்பார். "வண்டியில் துப்பாக்கி இருக்கிறதா?" என்று எங்கள் பக்கம் எந்தப் போலீஸ்காரரும் யாரையும் கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்காத கேள்விக்கு எதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. கேட்கும் முன்பே சொல்லிவிட வேண்டும் என்பது என் வீட்டுக்காரர் கட்சி. இந்த ஒரு விஷயத்தில் நாங்கள் ஒத்துப்போனதே இல்லை. மற்ற விஷயங்களில் ஒத்துப்போனோமா என்றால் அதுவும் இல்லைதான். ஆனால் அவற்றில் அவர் விட்டுக்கொடுத்துவிடுவார்.

அவர் பட்டாளத்தில் இருந்து வந்தவர். வந்த பிறகு திண்டுக்கல்லில் ஒரு வங்கியில் காவலர் வேலை கிடைத்தது. அந்த வேலைக்குத் துப்பாக்கி சொந்தமாக இருக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. வங்கி தராது. அவரவர் லைசென்ஸ் எடுத்து, அவரவர் துப்பாக்கி வாங்கி, கையோடு கொண்டுபோய் நிற்க வேண்டும். கொத்தனார் கரண்டியோடு வேலைக்குப் போகிற மாதிரி இவர் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு போவார்.

எங்கள் வீடு வேடசந்தூர் பக்கம் ஒரு கிராமத்தில். எனக்குத் திண்டுக்கல் ஓரத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியை வேலை. காலையில் மில் பஸ்களுக்குப் பின்னால் புகையைக் குடித்துக்கொண்டு இரண்டு பேரும் ஒரே மோட்டார் சைக்கிளில் போவோம். துப்பாக்கி காக்கி கான்வாஸ் உறையில் அவர் முதுகில் குறுக்காகத் தொங்கும். அவருக்கும் எனக்கும் நடுவில் அதுதான் உட்கார்ந்து வரும். மேடு பள்ளத்தில் வண்டி குதித்தால் என் தாடையில் இடிக்கும். நான் அதற்குச் சக்களத்தி என்று பெயர் வைத்திருந்தேன்.

"உன்னைய கட்டுறதுக்கு முன்னாடியே நான் துப்பாக்கி பிடிச்சவன். மூத்தவ அவதான். நீதான் அனுசரிச்சுப் போகணும் டீச்சர்" என்பார். வீட்டிலும் வெளியிலும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். கேலியாக ஆரம்பித்தது, பிறகு அதுவே பெயராகிவிட்டது.

சாலையில் வண்டிச் சோதனை இருந்தால் அதற்கென்று அவர் ஒரு நடைமுறை வைத்திருந்தார். வண்டியை ஓரங்கட்டுவார். எஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்து டேங்க் மேல் வைப்பார். இரண்டு கைகளையும் உடம்பை விட்டு விலக்கிக் காட்டுவார். பிறகு சொல்வார்: "ஐயா, எங்கிட்ட லைசென்ஸ் துப்பாக்கி இருக்கு. தோட்டா போடல. பேப்பரு சட்டைப் பையில இருக்கு, எடுக்கட்டுமா?" நிறுத்தியவர் அவர் மகன் வயதுப் பையனாக இருந்தாலும் ஐயாதான். ஒரு சொல் கூடாது, குறையாது. எனக்கே அது பள்ளிக்கூடத்துப் பிரார்த்தனை போல மனப்பாடம்.

அதோடு எங்கள் காலை நேரம் போய்விடும். சும்மா கையாட்டிப் போகச் சொல்லியிருக்கக்கூடியவர் கூட உறையைத் திறக்கச் சொல்வார். ஒருவர் எந்த ஊர்த் தயாரிப்பு என்று விசாரிப்பார். இன்னொருவர் மேலதிகாரிக்குப் போன் போடுவார். ஒரு தடவை ஒருவர் கையில் வாங்கிப் பிடித்துப் போட்டோ எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். இவர் "அது முறையில்லங்கய்யா" என்று சொல்ல, அவர் முகம் சுண்டிப்போய், புகைச் சான்றிதழ் எங்கே என்று தோண்ட ஆரம்பித்துவிட்டார். நான் பள்ளிக்கூடம் போய்ச் சேரும்போது தலைமையாசிரியை வராந்தாவில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி" என்பேன் வண்டியில் ஏறியதும்.

"மடியில கனமிருந்தாத்தான் வழியில பயம்" என்பார்.

"உங்களுக்குக் கனம் மடியில இல்ல, முதுகுல. பயம் எனக்கு" என்பேன். நுணலும் தன் வாயால் கெடும் என்று அவருக்காகவே எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரிப்பார். கோபம் வராத மனிதரோடு சண்டை போடுவது போல எரிச்சலான காரியம் வேறில்லை.

ஒரே ஒரு தடவை காரணம் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசைக்குப் போய்விட்டு வந்து, முற்றத்தில் உட்கார்ந்து குழலுக்குள் துணி விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். வடக்கே பல வருடம் சோதனைச் சாவடிகளில் நின்றவர் அவர். வண்டியை நிறுத்துகிற பக்கம் நின்றவர்.

"நான் நின்ன பக்கம் உனக்குத் தெரியாது டீச்சர்" என்றார். "வண்டிய நிறுத்துறவன் தானாக் கண்டுபிடிச்சா பயந்துருவான். பயந்தவன் என்ன செய்வான்னு அவனுக்கே தெரியாது. நாமளாச் சொல்லிட்டா அவனுக்குப் பயம் போயிரும். அம்புட்டுத்தான்."

அப்போதும் நான் ஒப்புக்கொள்ளவில்லை.

தேர்தல் அறிவித்துவிட்டால் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லாரும் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். ஓட்டு எண்ணி முடிந்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும். மலையடிவாரத்துத் தோட்டக்காரர்கள் காட்டுப்பன்றியை விரட்ட வைத்திருக்கும் துப்பாக்கிகளை மூட்டை கட்டிக்கொண்டு வருவார்கள். வங்கிக் காவலர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அதற்கு ஒரு உத்தரவு வாங்க வேண்டும். இவர் ஒவ்வொரு தேர்தலுக்கும் கலெக்டர் ஆபீசுக்கு அலைந்து அதை வாங்கி, மழையில் நனையாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு, சட்டைப் பையில் லைசென்ஸோடு வைத்துக்கொள்வார்.

அந்தத் தேர்தலிலும் அப்படித்தான் வைத்திருந்தார். காலையில் வழக்கம் போலக் கிளம்பினோம். பாதி வழியில் வண்டி வேகம் குறைந்து குறைந்து ஏறியது. பெட்ரோல் குழாயில் ஏதோ அடைப்பு என்று நினைத்தேன். அவர் வலது கை பிடி தளர்ந்திருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? நடுவில்தான் துப்பாக்கி இருக்கிறதே. அவர் தோளைக்கூட நான் பார்க்கவில்லை.

நாலு வழிச்சாலையில் பந்தல் போட்டுத் தேர்தல் பறக்கும் படை நின்றது. காசு கொண்டுபோகிறார்களா என்று வண்டி வண்டியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அரும்பு மீசை வைத்த இளம் போலீஸ்காரர் ஒருவர் கை காட்டினார். இவர் ஓரங்கட்டினார். சாவியை எடுக்கத் தடுமாறியது. இடது கை விலகி நின்றது. வலது கை தொங்கியது.

"ஐயா" என்றார். அது சரியாக வந்தது. பிறகு வாய் எதையோ தேடியது. "துப்பாக்கி" என்றார்.

நான் அடுத்த சொல்லுக்குக் காத்திருந்தேன். மனப்பாடமாயிற்றே. அது வரவில்லை. மறுபடியும் "துப்பாக்கி" என்றார். நாக்குத் தடித்திருந்தது. கடைவாயில் எச்சில் வடிந்தது.

போலீஸ்காரர் ஓரடி பின்னால் போனார். "என்ன சொன்னே?" என்றார். இவர் அவர் முகத்தைப் பார்த்து மூன்றாவது முறையும் அதையே சொன்னார். "சார், துப்பாக்கி வச்சிருக்கான், மெரட்டுறான்" என்று அந்தப் பையன் கத்தினான். இரண்டு பேர் ஓடி வந்தார்கள். வண்டி சாய்ந்தது, நான் ஒரு பக்கம் விழுந்தேன். எழுந்து பார்க்கும்போது அவரைக் குப்புறப் போட்டு முதுகில் முழங்காலை வைத்து, உறையின் வாரைக் கழுத்து வழியாக உருவிக்கொண்டிருந்தார்கள்.

காலங்காத்தாலேயே குடித்திருக்கிறான் என்றார்கள். ஊதச் சொன்னார்கள். அவருக்கு ஊதத் தெரியவில்லை, உதடு ஒரு பக்கம் கூடவில்லை. நடிக்கிறான் என்றார்கள். அவருக்கு என்னவோ ஆகிறது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று நான் கெஞ்சினேன். தேர்தல் நேரத்தில் துப்பாக்கி பிடிபட்டிருக்கிறது, இன்ஸ்பெக்டர் வராமல் யாரும் நகர முடியாது என்றார்கள். பறக்கும் படையோடு வந்த கேமராக்காரர் என்னைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

பந்தல் காலில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். யார் பக்கத்தில் வந்தாலும் அவர் முகத்தை நிமிர்த்தி அந்த ஒரு சொல்லையே சொன்னார். மிரட்டவில்லை. தோட்டா போடவில்லை, பேப்பர் பையில் இருக்கிறது என்று மீதியைச் சொல்லி முடிக்கப் பார்த்தார். அது எனக்கு மட்டும்தான் தெரியும். அவருக்குப் பதிலாக நானே சொன்னேன். அவர் நிதானமாகச் சொல்வதை நான் தொண்டை கிழியக் கத்தினேன். கத்துகிற பெண் சொல்வதை யார் காதில் வாங்குகிறார்கள்? கணவன் பிடிபட்டால் பெண்டாட்டி கத்துவது அவர்கள் தினமும் பார்க்கிற காட்சி.

வெயில் பந்தலுக்குள் வந்த பிறகுதான் இன்ஸ்பெக்டர் வந்தார். இவர் சட்டைப் பையில் இருந்த காகிதங்களை எடுத்துப் படித்தார். இவர் முகத்தைப் பார்த்தார். மறுபடி காகிதத்தைப் பார்த்தார். "ஆம்புலன்ஸக் கூப்பிடுங்கய்யா" என்றார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டது ஒரே கேள்வி. எப்போது ஆரம்பித்தது? இந்தப் பக்கவாதத்துக்கு ஓர் ஊசி இருக்கிறதாம். ஆரம்பித்த கொஞ்ச நேரத்துக்குள் போட்டால்தான் பலிக்குமாம். நான் சொன்னேன். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். எழுத ஆரம்பித்தார். ஊசிக்கு நேரம் தாண்டிவிட்டது என்று அவர் எழுதுவதைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது.

எனக்கு அந்தப் போலீஸ்காரன் மேல் கோபம். மாதா மேல் கோபம். எல்லாரையும்விட இவர் மேல் கோபம். அந்த ஒரு சொல்லைச் சொல்லாமல் இருந்திருந்தால் என்ன? வண்டியை நிறுத்தியவர்கள் லைசென்ஸ் கேட்டிருப்பார்கள். பேச முடியாமல் திணறுவதைப் பார்த்து, உடம்புக்கு என்ன என்று கேட்டிருப்பார்கள். தண்ணீர் கொடுத்திருப்பார்கள். நான்தான் சொன்னேனே, எத்தனை வருடமாகச் சொன்னேன்! வார்டுக்கு வெளியே சுவரைப் பார்த்து நின்று அவரைத் திட்டித் தீர்த்தேன். எங்கள் வாதத்தில் கடைசியில் நான்தான் ஜெயித்தேன். இப்படி ஒரு ஜெயிப்பு என் எதிரிக்கும் வர வேண்டாம். நுணலும் தன் வாயால் கெடும் என்பதை இப்போதெல்லாம் வகுப்பில் என்னால் சொல்லிக்கொடுக்க முடிவதில்லை. பிள்ளைகளையே வாசிக்கச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய்விடுகிறேன்.

வலது கையும் காலும் போயின. பேச்சும் போனது, ஒரு சொல்லைத் தவிர. மூளையில் பேச்சு அழியும்போது சிலருக்கு இப்படி ஒற்றைச் சொல் மட்டும் தங்கிவிடும் என்று பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் சொன்னாள். இவருக்குத் தங்கியது அதுதான். தண்ணீர் வேண்டுமென்றால் துப்பாக்கி. முதுகு அரித்தால் துப்பாக்கி. சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள என்ன வெஞ்சனம் வைக்க என்று கேட்டால் துப்பாக்கி. மோர் கொண்டுவந்த பக்கத்து வீட்டம்மா முதலில் பயந்தாள். பிறகு சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு அழுதுகொண்டே போனாள். நானும் சில நாள் சிரித்தேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அவரும் சிரித்தார், ஒரு பக்கத்து வாயால்.

தலையாட்டல் மட்டும் பிசகவில்லை. பயிற்சிப் பெண் சோதித்துப் பார்த்தாள். வேடசந்தூர் கடலோரத்தில் இருக்கிறதா என்று கேட்டதற்கு இல்லை என்று ஆட்டினார். இவர் உங்கள் மனைவியா என்று என்னைக் காட்டிக் கேட்டாள். என்னை மேலும் கீழும் பார்த்துச் செத்த நேரம் யோசிப்பது போலப் பாவனை செய்துவிட்டு, ஆமாம் என்று ஆட்டினார். அன்று எனக்குப் பாதி உயிர் திரும்ப வந்தது. மனிதர் உள்ளேதான் இருக்கிறார், கதவு மட்டும்தான் சாத்தியிருக்கிறது என்று நினைத்தேன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எல்லாம் ஆமாம், இல்லைதான். உப்பு போதுமா? ஆமாம். ஃபேனைக் கூட்டவா? இல்லை. மகள் போன் பண்ணட்டுமா? ஆமாம். அவர் ஆட்டியது ஒரு தடவைகூடத் தப்பாக இருந்ததில்லை.

அந்த இளம் போலீஸ்காரன் ஒருநாள் வீட்டுக்கு வந்தான். சீருடை இல்லாமல், ஆயக்குடிக் கொய்யாப்பழம் ஒரு பை கொண்டுவந்தான். நான் உள்ளே வா என்று சொல்லவில்லை. நிலைப்படிக்கு வெளியே நின்றுகொண்டு, "பயந்துட்டேம்மா" என்றான். வேறு எதுவும் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. கட்டிலில் இருந்து இவர் அவனைப் பார்த்தார். ஆமாம், ஆமாம் என்று தலையாட்டினார். எனக்கு அந்தப் பையைத் தெருவில் வீசத் தோன்றியது. அவன் போன பிறகு இவர் பழத்தைக் கை நீட்டி வாங்கிச் சாப்பிட்டார்.

தேர்தல் முடிந்து, காவல் நிலையத்தில் இருந்து போன் வந்தது. காகிதம் எல்லாம் சரியாக இருக்கிறது, துப்பாக்கியை எடுத்துக்கொள்ளலாம், வேண்டாமென்றால் ஒப்படைத்துவிடலாம் என்றார்கள். வங்கியில் அதற்குள் வேறு ஆள் வந்துவிட்டார். கோயம்புத்தூரில் இருக்கும் மகள், "அம்மா, அப்பா இருக்கிற மனசுக்கு அது வீட்டுக்குள்ள வரவே கூடாது" என்றாள். எனக்கும் அதே நினைப்பு இருந்தது. வாயால் சொல்லவில்லை.

அவர் மத்தியானங்களில் பீரோவைத் திறந்து வைக்கச் சொல்லிக் கை காட்டுவார். துப்பாக்கி இருந்த அடித்தட்டு காலியாக இருக்கும். அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். ஒருநாள் நான் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, எடுத்துக்கொண்டு வரவா என்று கேட்டேன். ஆமாம் என்று ஆட்டினார். வேலைக்குப் போக முடியாது, தெரியும்தானே? ஆமாம். பேசாமல் ஒப்படைத்துவிடலாமா? இல்லை. ஒப்படைத்துவிடலாம், எதற்கு அது? இல்லை, இல்லை.

கேட்கக்கூடாது என்றுதான் இருந்தேன். கேட்டுவிட்டேன்.

"அது வீட்டுக்கு வந்தா, உங்களை நீங்களே ஏதாச்சும் பண்ணிக்கிருவீங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் திரும்பவில்லை, அவரும் திரும்பவில்லை. வேறு யாராக இருந்தாலும் இல்லை என்று சொல்லி என்னை ஏமாற்றியிருப்பார்கள். இவர் மெதுவாக, ஆமாம் என்று தலையாட்டினார். பிறகு இடது கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அன்று ராத்திரி சமைக்கவில்லை. அவரைத் தனியாக விட்டு அடுப்படிக்குக்கூட என்னால் போக முடியவில்லை.

மறுநாள் மகளுக்குப் போனில் சொன்னேன். அவள் பெரிய ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரைப் பார்க்க ஏற்பாடு செய்கிறேன் என்றாள், செய்தாள். அதற்கு முன்னால் துப்பாக்கி விஷயத்தை முடிக்க வேண்டும். ஸ்டேஷனுக்குப் போய்விட்டு வருவோம் என்று மட்டும் அவரிடம் சொன்னேன். எதற்கு என்று சொல்லவில்லை. அவர் வங்கிக்குப் போட்டுப் போகிற காக்கிச் சட்டையைக் காட்டினார். போட்டுவிட்டேன். நன்றாகச் சவரம் செய்யச் சொல்லித் தாடையைக் காட்டினார். அதையும் செய்தேன். ஆட்டோவில் போகும்போது வழி நெடுக வெளியே பார்த்துக்கொண்டு சந்தோஷமாக வந்தார்.

ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கிற ரைட்டர் நல்ல மனிதர். நாற்காலி கொண்டுவரச் சொன்னார். உறையைப் பிரித்து மேசை மேல் துப்பாக்கியை வைத்தார். இவர் இடது கையை அதன் மேல் வைத்துக்கொண்டார். நான் எழுதிக் கொண்டுபோயிருந்த மனுவை ரைட்டர் படித்தார். உடல்நிலை காரணமாக நிரந்தரமாக ஒப்படைக்கிறேன் என்று எழுதியிருந்தேன். கீழே ரேகை வைக்க வேண்டும். அதற்கு முன்னால், லைசென்ஸ்தாரர் அவர்தான் என்பதால் அவரையே ஒரு வார்த்தை கேட்டாக வேண்டும் என்றார்.

"ஐயா, உங்க சம்மதத்தோடதான் ஒப்படைக்கிறீங்களா?"

இவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எதற்காக வந்திருக்கிறோம் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. ரைட்டர் பக்கம் திரும்பி, இல்லை என்று தலையாட்டினார். சந்தேகத்துக்கே இடமில்லாமல், இடமும் வலமும் நன்றாக ஆட்டினார். "துப்பாக்கி" என்றார்.

ரைட்டர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். உண்மையை அவரிடம் சொல்லியிருக்கலாம். மேசையைச் சுற்றிப் போலீஸ்காரர்கள் நின்றார்கள். நடு ரோட்டில் குப்புறக் கிடந்த மனிதரை இன்னொரு தடவை அவர்கள் முன்னால் நான் கிடத்த வேண்டுமா? இவர் சாகப் பார்க்கிறார் என்று, இவரை வைத்துக்கொண்டே, என் வாயால் சொல்லவா?

"பக்கவாதம் வந்ததுல இருந்து அவருக்கு ஆமாவும் இல்லையும் மாறிப்போச்சு சார்" என்றேன். "இல்லன்னு ஆட்டினா ஆமான்னு அர்த்தம்."

ரைட்டர், பாவம் என்று சொல்லி நம்பிக்கொண்டார். உறுதிப்படுத்திக்கொள்ள இன்னொரு தடவை கேட்டார். இவர் இன்னும் பலமாக இல்லை என்று ஆட்டினார். "சரிங்கய்யா, சரிங்கய்யா, புரியுது" என்று ரைட்டர் தட்டிக்கொடுத்தார். இவர் ஆட்டுவதை நிறுத்தினார். என்னைப் பார்த்தார். நான் அவர் இடது கையைத் துப்பாக்கி மேலிருந்து எடுத்து, கட்டை விரலை மை அட்டையில் அழுத்தி, காகிதத்தில் வைத்தேன். கை இழுத்துக்கொள்ளவில்லை, கனமாக வந்தது.

திரும்பி வரும்போது அவர் வெளியே பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து மை போகத் தேங்காய் எண்ணெய் போட்டு விரலைத் துடைத்தேன். சோறு பிசைந்து கொடுத்தேன், சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் வைக்கவா என்று கேட்டேன். என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அதற்குப் பிறகு அவர் எதற்கும் தலையாட்டுவதில்லை. டாக்டர் கேட்டாலும் ஆட்டுவதில்லை, மகள் வந்து கேட்டாலும் ஆட்டுவதில்லை. மாத்திரை போடுகிறார், பிடித்து நடத்தினால் நடக்கிறார், உயிரோடு இருக்கிறார். அது போதும் என்றுதான் அன்று அந்தப் பொய்யைச் சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் தினமும் காலையில் பள்ளிக்கூடம் கிளம்பும் முன் கட்டிலருகே போய், இன்னும் அந்த நினைப்பு இருக்கிறதா என்று அவரிடம் கேட்கிறேன். கேட்டால் உண்மையைச் சொல்கிறவர் அவர். அவர் என் முகத்தைப் பார்க்கிறார். பஸ்ஸுக்கு நேரமாகிறது, அவரைப் பார்த்துக்கொள்ள வருகிற பெண்ணிடம் அறைக் கதவைத் திறந்தே வைக்கச் சொல்லிவிட்டுக் கிளம்புகிறேன்.